பழைய பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கலாமா?

பாத்திரம் கழுவும் இயந்திரம் என்றாலே, "அதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பீங்கான் தட்டுக்குத்தான் சரி, நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கு ஆகுமா?" என்று கேட்ட காலம் மெல்ல மாறி வருகிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போகவே, பெரிய நகரங்களில் இதன் விற்பனை திடீரென்று உயர்ந்தது. அன்று அவசரத்தில் வாங்கியவர்களில் சிலர், இன்று வீடு மாறும்போதோ ஊர் மாறும்போதோ அதைக் கை கழுவ நினைக்கிறார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே இருக்கும் சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு இத்தகைய சாமான்கள் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. திருப்பதியிலேயே பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., வங்கி, ரயில்வே என்று மாற்றலாகி வருவோரும் போவோரும் உண்டு. இது தவிர, வண்டியில் வரும்போது நெளிந்தது, கடையில் காட்சிக்கு வைத்தது என்று விலை குறைத்துத் தள்ளுவதும் உண்டு.

விலையைக் கேட்டால் ஆசை வரும். ஓய்வூதியத்தில் வாழும் தம்பதியர், மணிக்கட்டு வலியால் அவதிப்படும் அம்மாக்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள் ஆகியோருக்கு இந்த இயந்திரம் உண்மையிலேயே உபகாரம் செய்யும். ஆனால் அதே குடும்பங்களுக்குத்தான் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல. பழைய சாமானுக்கு உத்தரவாதமும் கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குவதுபோல இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எந்தப் பல்லைப் பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். வெளியே விழுந்த நெளிவு நமக்கு லாபம். உள்ளே தண்ணீர் செய்த சேதம் நமக்கு நஷ்டம். மற்றதெல்லாம் இதன் விளக்கமே.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்த இயந்திரத்துக்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி. கணவர் இறந்து கடன் சுமையோடு நின்ற நிலையில், 1886-ஆம் ஆண்டு தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பலர் கண்ணிலும் பட்டது. தட்டுகளைக் கம்பிக் கூடையில் அசையாமல் நிறுத்தி, அவற்றின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது அவருடைய யோசனை. இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

இன்றைய இயந்திரம் குழாயிலிருந்து மூன்று நான்கு லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொண்டு கதவை அடைத்துக்கொள்கிறது. அடியில் உள்ள குழியில் தேங்கும் அந்தத் தண்ணீரை ஒரு பம்ப் மேலே தள்ளுகிறது. மேலும் கீழும் சுழலும் துளைக்கைகள் வழியாக அது பாத்திரங்களின் மேல் பீய்ச்சி அடிக்கப்பட்டு, வடிகட்டி வழியாகத் திரும்பக் குழிக்கே வருகிறது. ஹீட்டர் அதை 45 முதல் 70 டிகிரி வரை சூடாக்குகிறது. அதே தண்ணீர் மீண்டும் மீண்டும் சுற்றுவதால்தான் ஒரு முழுக் கழுவலுக்குச் சுமார் 10 லிட்டரே செலவாகிறது. பிறகு இன்னொரு சிறிய பம்ப் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பம்ப், ஹீட்டர், மின் இணைப்புகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இயந்திரத்தின் அடிப்பகுதியில்தான் இருக்கின்றன. ஆகவே கதவும் மேற்பலகையும் பளபளவென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்

இயந்திரத்தைப் பார்க்கப் போகும் முன் நம் வீட்டைப் பார்ப்பது முக்கியம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் தண்ணீர்க் கஷ்டம் இரண்டு பக்கமும் பிரியாமல்தான் இருக்கிறது. திருப்பதியில் சந்திரகிரிக்கு அருகிலுள்ள கல்யாணி அணை நீரும் தெலுங்கு கங்கை நீரும் குழாயில் வரும் வீடுகள் உண்டு. முழுக்க ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் வீடுகளும் உண்டு. சித்தூர்ப் பக்கம் கருங்கல் பூமி. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் தூக்கலாக இருக்கும் இடங்கள் பல. பக்கெட்டில் வெள்ளைப் படலம், குழாய் வாயில் உப்பு, கெய்சர் ராடில் கெட்டிப் பூச்சு, சோப்பில் நுரை வராமை ஆகியவை இருந்தால் உங்கள் தண்ணீர் கடின நீர் என்று தெரிந்துகொள்ளலாம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி, கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. வண்ண மீன் விற்கும் கடைகளில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் சோதனை மருந்து கிடைக்கும். வீட்டில் பலரும் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

இதற்காகவே பல இயந்திரங்களில் தண்ணீரை மென்மையாக்கும் அறை ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் உள்ள பிசின் மணிகள் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் களைத்துப்போனால் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். அதனால்தான் இந்த இயந்திரத்துக்கு உப்புப் போட வேண்டியிருக்கிறது. அந்த அறைக்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு கடினத்தன்மை வரை தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். உங்கள் தண்ணீர் அதைத் தாண்டினால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து திரும்புவோர் கொண்டு வருவதில் பெரும்பாலும் இந்த அறையே இருக்காது. அது 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியது என்பதால் நம் வீட்டில் நேரடியாக ஓடவும் ஓடாது.

அடுத்தது தண்ணீரின் அழுத்தம். பல தயாரிப்புகள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அந்தக் கணக்கில் 0.5 பாருக்குத் தொட்டி குழாயைவிட ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டடுக்கு வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கவலையில்லை. ஆனால் மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே, மேல் தளத்தில் குடியிருப்பவர்களுக்கு 0.3 பார் கிடைப்பதே அரிது. இயந்திரம் பொருத்த நினைக்கும் குழாயைத் திறந்து ஒரு பக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் விழுந்தால் நல்லது. நூல் மாதிரி ஒழுகினால் அழுத்த பம்ப் ஒன்று தனியாக வாங்க நேரிடும். அந்தச் செலவு பிறகு சொல்லப்போகும் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். ஹீட்டர் ஓடும்போது இரண்டு கிலோவாட் அளவுக்கு இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட சிறிய பிளக் பாயின்ட் தாங்காது. எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். நான்காவது இடம். முழு அளவு இயந்திரம் அகலத்திலும் ஆழத்திலும் சுமார் 60 சென்டிமீட்டர், உயரத்தில் சுமார் 85. கதவு முன்பக்கமாக மடங்கி விழும் என்பதால் எதிரே இன்னும் இரண்டடி வேண்டும். சமையலறை வாசலின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

எந்தச் சேதம் பரவாயில்லை?

பக்கவாட்டுத் தகட்டில் நெளிவு, கதவில் கீறல், மேற்பலகை உடைந்தது, எழுத்து அழிந்த பொத்தான், கூடையின் சக்கரம் ஒன்று காணாமல் போனது, கரண்டிக் கூடை உடைந்தது ஆகியவற்றால் கழுவும் வேலை கெடாது. விலை பேசும்போது இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் குறைக்கலாம். சுவரோரம் நிற்கப்போகும் பக்கத்தில் நெளிவு இருந்தால் அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவுச் சட்டமே கோணியிருந்தால் அது வேறு விஷயம். கதவு ரப்பரோடு ஒட்டாமல் தண்ணீர் ஒழுகும்.

யோசித்து வாங்க வேண்டியவை சில. தண்ணீரை வெளியே தள்ளும் சிறிய பம்ப், தண்ணீர் உள்ளே வரும் வால்வு, கதவு ரப்பர் ஆகியவை மாற்றக்கூடியவை. அந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்கிறதா, நம் ஊருக்கு மெக்கானிக் வருவாரா என்று கேட்டபின் முடிவு செய்யலாம். கூடைக் கம்பியின் மேல்பூச்சு உரிந்து துரு தெரிந்தால், அந்தத் துருத் துகள்தான் நாளைக்கு வடிகட்டிக்கும் பம்புக்கும் போகும். கூடையை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

அறவே தவிர்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, சுற்றும் பெரிய பம்போ எலக்ட்ரானிக் போர்டோ பழுதானது. புதிய மாடல்கள் பலவற்றில் ஹீட்டரும் அந்தப் பம்போடு சேர்ந்தே இருப்பதால், ஒன்று போனால் இரண்டையும் வாங்க வேண்டும். அந்தச் செலவு பழைய இயந்திரத்தின் விலையையே தொட்டுவிடும். இரண்டாவது, உள் தொட்டியின் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. இதற்குச் சிகிச்சை இல்லை.

மூன்றாவது, வெள்ளத்தில் நனைந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியதை மறக்க முடியாது. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களிலேயே வெள்ளம் ஓடியது. ஓரடித் தண்ணீர் நின்றாலே இந்த இயந்திரத்தின் உயிர்நிலை நனைந்துவிடும். காயவைத்துத் துடைத்தால் சில மாதங்கள் ஓடும். பிறகு ஒவ்வொன்றாகப் படுக்கும். முன்பக்கம் அடித்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சேற்றுப் படிவு, பக்கவாட்டில் நேர்கோடாகத் தண்ணீர்க் கறை, எல்லாத் திருகாணிகளிலும் ஒரே மாதிரித் துரு ஆகியவை தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். அதே டார்ச்சில் எலிப் புழுக்கையும் கடித்த ஒயரும் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

விற்பவர் வீட்டில் ஒரு மணி நேரம்

குழாயிலும் மின்சாரத்திலும் இணைத்தபடியே இருக்கும்போது பார்ப்பதுதான் சரி. "நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது சார், இப்போதுதான் கழற்றி வைத்தோம்" என்று சொன்னால் அதற்கு அர்த்தம், ஓடாத இயந்திரத்தின் விலையைத்தான் நீங்கள் தர வேண்டும் என்பதே. போகும்போது ஒரு டார்ச், இரண்டு பழைய செய்தித்தாள், குழம்பு காய்ந்த நாலு தட்டு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். தட்டைப் பார்த்து அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

முதலில் கீழ்க் கூடையை வெளியே எடுத்து வடிகட்டியைத் திருகி எடுங்கள். குழியில் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் நின்றால் நல்லது, சமீபத்தில் ஓடியிருக்கிறது. காய்ந்து வெடித்த படிவம் இருந்தால் பல மாதங்கள் சும்மா கிடந்திருக்கிறது. சும்மா கிடக்கும் இயந்திரத்தில் ரப்பர் காய்ந்து பம்பும் இறுகிவிடும் வாய்ப்பு உண்டு.

துளைக்கைகளை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தால் கடின நீரில் உப்பில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். உப்பு அறையின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்திருப்பது இயல்பே. "உப்பா? அதெல்லாம் நாங்கள் போட்டதே இல்லை" என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கணிசமாக விலையைக் குறைக்கலாம். ஹீட்டர் மேல் என்ன படிந்திருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது அல்லவா?

கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். தடாலென்று விழுந்தால் ஸ்பிரிங்கோ கயிறோ போய்விட்டது. கதவின் கீழ் ஓரத்திலும் கீல்களிலும் துரு இருக்கிறதா, ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சோப்புப் பெட்டியின் மூடி சொடுக்கென்று மூடித் திறக்க வேண்டும்.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். அடியில் செய்தித்தாளை விரித்து, கொண்டு போன தட்டுகளை வைத்து, சுடுநீரில் கழுவும் குறுகிய புரோகிராமைப் போடுங்கள். உள்ளே வரும் தண்ணீரின் சீறல், பிறகு ஒரே சீரான பீய்ச்சல் ஓசை, கடைசியில் வெளியேறும் உறுமல் என்று மூன்று சத்தங்களும் வரிசையாகக் கேட்க வேண்டும். அரைப்பது போன்ற கரகர சத்தம் கேட்டால் பம்பில் கோளாறு, அல்லது உள்ளே எலும்போ கண்ணாடித் துண்டோ சிக்கியிருக்கிறது. அரை மணி கழித்து நிறுத்தி, ஆவி அடங்கக் கொஞ்சம் பொறுத்துக் கதவை மெல்லத் திறங்கள். சூடான ஆவி வர வேண்டும். தட்டு கையில் சுட வேண்டும். வெதுவெதுப்பு இல்லையென்றால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மீண்டும் ஓடவிட்டு முடிந்தபின் குழியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. விரித்த செய்தித்தாள் நனைந்திருக்கக் கூடாது. ஓடும்போது வீட்டின் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தால் ஹீட்டரிலோ ஒயரிலோ கசிவு இருக்கிறது, வேண்டாம்.

திரையில் எண் ஏதாவது மின்னினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஷ் இயந்திரங்களில் "ஈ-15" என்பது அடித்தட்டில் தண்ணீர் இறங்கிவிட்டதைக் காட்டும். "ஈ-24" தண்ணீர் வெளியேறவில்லை என்று சொல்லும். எல்.ஜி.யில் "ஓ-ஈ" என்பது வெளியேற்றக் கோளாறு; "ஐ-ஈ" தண்ணீர் உள்ளே வராத கோளாறு. வெளியேறாத கோளாறு பல சமயம் அடைத்த குழாயோடு முடிந்துவிடும். அடித்தட்டில் தண்ணீர் என்றால், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் பணம் தரக் கூடாது.

வயதையும் நாமே கண்டுபிடிக்கலாம். கதவின் ஓரத்தில் மாடல் எண்ணோடு ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் "எஃப்.டி." என்ற எழுத்துக்குப் பின் வரும் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தோடு 20-ஐக் கூட்டினால் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் வரும். 99 என்றிருந்தால் 119, அதாவது 2019. 01 என்றிருந்தால் 2021. "இரண்டே வருஷம்தான் ஆகிறது" என்று சொல்பவரிடம் இதைக் காட்டிப் பேசலாம். மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் இலவசத் தொலைபேசிக்குப் பேசி மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் பின்கோடுக்கு மெக்கானிக் வருவாரா? இந்த மாடலுக்கு உதிரி பாகம் இன்னும் வருகிறதா? ஒரு முறை வந்து பார்க்க என்ன கட்டணம்? சென்னையில் சுலபமாகக் கிடைக்கும் சேவை, சித்தூருக்கு உள்ளே ஒரு சிற்றூரில் இருப்பவருக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அசல் பில்லையும் கேட்டு வாங்குங்கள். மோட்டாருக்கோ உள் தொட்டிக்கோ தனியாக நீண்ட உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆள் மாறினாலும் அது செல்லுமா என்று அதே தொலைபேசியில் விசாரித்துவிடலாம்.

சுமைகூலிக் கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பழைய சாமான் வாங்குவோர் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உங்கள் ஊருக்கும் பேரத்துக்கும் தக்கபடி மாறும்; வரிசை மாறாது.

இயந்திரத்துக்குச் சொல்லும் விலை ரூ. 9,000. சென்னையிலிருந்து ஏற்றி இறக்கும் வண்டிக்கூலி ரூ. 2,500. குழாய், கழிவுநீர் இணைப்பு, 16 ஆம்பியர் பாயின்ட் எல்லாம் சேர்த்து ரூ. 2,000. மெக்கானிக் வந்து பார்த்து உப்புப் படிவை நீக்க ரூ. 1,500. முதல் தடவை வாங்கும் உப்பு, சோப்புத் தூள், பளபளப்பு திரவம் ரூ. 1,200. இதுவரை ரூ. 16,200. ஆறு மாதத்துக்குள் வரக்கூடிய ஒரு பழுதுக்கு ஒதுக்கீடு ரூ. 3,000. ஆக மொத்தம் ரூ. 19,200. ஒன்பதாயிரம் என்று நினைத்தது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இதைப் புதிய இயந்திரத்தின் இன்றைய விலையோடு ஒப்பிட வேண்டும்; விற்பவர் அன்று வாங்கிய பில்லோடு அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த இயந்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. "நான் வாங்கியபோது இவ்வளவு" என்ற பேச்சு அதனால் இன்னும் வலுவிழக்கிறது. அதே அளவுள்ள புதியது ரூ. 36,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு புதியதன் பாதியைத் தாண்டக் கூடாது என்பது நல்ல எல்லைக்கோடு. பாதி ரூ. 18,000. இயந்திரத்தின் விலை நீங்கலான செலவு ரூ. 10,200. ஆகவே நாம் தரக்கூடிய அதிகபட்ச விலை ரூ. 7,800. வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், பேரத்தின்போது மனம் தடுமாறாது.

மாதச் செலவையும் மறக்க வேண்டாம். ஒரு கழுவலுக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரம், அத்துடன் சோப்பு, உப்பு. உத்தேசமாக ஒரு தடவைக்கு இருபத்தைந்து, முப்பது ரூபாய் ஆகும். வரவுப் பக்கம் தண்ணீர் இருக்கிறது. ஒரு நாள் இரவுப் பாத்திரத்தைக் கையால் கழுவும்போது கீழே பக்கெட் வைத்துப் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வரும் குழாய் பத்து நிமிடம் திறந்திருந்தால் 60 லிட்டர். இயந்திரத்தில் 10 லிட்டர். நாளுக்கு 50 என்றால் மாதத்துக்கு 1,500 லிட்டர் மிச்சம். கோடையில் டேங்கர் தண்ணீருக்குப் பணம் கொடுக்கும் வீடுகளுக்கு இதன் மதிப்பு புரியும்.

கொண்டு வருவதும் பொருத்துவதும்

கழற்றும் முன் மிச்சத் தண்ணீரை வெளியேற்றி, கூடைகளைத் தனியே எடுத்து, கதவை டேப்பால் ஒட்டிவிடுங்கள். நிற்க வைத்தே கொண்டு வர வேண்டும். படுக்க வைத்தால் குழியிலும் உப்பு அறையிலும் மீந்த தண்ணீர் மின் இணைப்புகளில் இறங்கிவிடும். நன்றாக இருந்த இயந்திரம் வழியிலேயே கெட்டுப் போகும். வீட்டில் மட்டப்பலகை வைத்து நேராக நிறுத்தி, தண்ணீர்க் குழாய்க்குப் புதிய ஹோஸ் போடுங்கள். பழைய ஹோஸ் நடு இரவில் வெடித்தால் சமையலறை குளமாகிவிடும்.

முதல் ஓட்டத்தைப் பாத்திரமின்றி ஓட்டுவது நல்லது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் 100 கிராம் அளவு அடியில் போட்டு, மிகச் சூடான புரோகிராமில் ஓட்டினால் பழைய உப்புப் படிவு பெரும்பாலும் கரையும். இதை உப்பு அறைக்குள் போட்டுவிடாதீர்கள். சோப்புத் தூளையும் அங்கே போடக் கூடாது, மென்மையாக்கும் அறை கெட்டுவிடும். அங்கே போட வேண்டியது இயந்திரத்துக்கென்று விற்கும் பரல் உப்பு மட்டுமே. சமையலுக்கு வாங்கும் தூள் உப்பு அடைத்துக்கொள்ளும். உப்பு நிரப்பியவுடன் ஒரு கழுவல் ஓட்டிவிட்டால், சிந்திய உப்புநீர் தொட்டியை அரிக்காது. கையால் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டுகூட விட வேண்டாம். நுரை பொங்கித் தரையெல்லாம் வழியும்.

எந்தப் பாத்திரம் போடலாம்?

எவர்சில்வர் தட்டு, டம்ளர், குழம்புப் பாத்திரம், எவர்சில்வர் குக்கர், கண்ணாடி, பீங்கான் எல்லாம் தாராளமாகப் போடலாம். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் சுடுநீருக்கு அடங்கும். கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு, சோற்றுப் பருக்கை ஆகியவற்றைத் தட்டிவிட்டு வைத்தால் போதும். முழுதாகக் கழுவிவிட்டு வைப்பது தண்ணீருக்கும் உழைப்புக்கும் வீண். அடிப்பிடித்த பால் பாத்திரத்தை மட்டும் ஊற வைத்துத் தேய்த்தாக வேண்டும்.

போடக் கூடாதவை: அலுமினிய இட்லித் தட்டும் குக்கரும் கறுத்துப்போகும். இரும்பு தோசைக்கல் பதம் போய்த் துருப்பிடிக்கும். ஈயச் சொம்பு, வெண்கலப் பானை, செம்பு, பித்தளை, வெள்ளி, கல்சட்டி, மண்சட்டி, மரக்கரண்டி ஆகியவை கையால் கழுவ வேண்டியவையே. உங்கள் வீட்டில் தினமும் விழும் பாத்திரங்களில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் இருந்தால், இயந்திரம் வாங்கும் எண்ணத்தையே ஒரு முறை மறுபரிசீலனை செய்யலாம். ஒரு நாள் இரவு தொட்டியில் கிடப்பதை இரண்டு குவியலாகப் பிரித்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவுவது, உப்பு விளக்கு எரிந்தால் அன்றே உப்புப் போடுவது, துளைக்கைகளை மாதம் ஒரு முறை ஊசியால் சுத்தம் செய்வது ஆகிய மூன்றும் தவறாமல் நடந்தால் நல்ல நிலையில் வாங்கிய பழைய இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும். இதைச் செய்யும் பொறுப்பை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. பாத்திரத்தை இயந்திரம் கழுவும். இயந்திரத்தை யாராவது கழுவத்தானே வேண்டும்!

கடைசியாக ஒன்று. பார்க்கப் போன முதல் இயந்திரத்தையே வாங்கிவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வண்டி வாடகை கொடுத்துச் சென்னைக்கோ வேலூருக்கோ போய்விட்டோமே, வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று தோன்றும். ஒரு கூடை துருப்பிடித்தோ, செய்தித்தாள் நனைந்தோ இருந்தால் தயங்காமல் திரும்பி வாருங்கள். போய் வந்த பஸ் கட்டணம் சில நூறு ரூபாயோடு முடிந்தது. மீந்த ஆயிரங்கள் அடுத்த நல்ல இயந்திரத்துக்காகப் பத்திரமாக இருக்கின்றன.